எட்டே நகர்த்தலில் மேட்: என் முதல் அரீனா

செஸ் எனக்குச் சித்தப்பா சொல்லிக்கொடுத்தது. எங்கள் தெரு விதிப்படி சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாண்டலாம். ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறும் காஸ்லிங் என்று ஒன்று இருப்பதே கல்லூரி விடுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட ஆள், நாற்பத்து மூன்று வயதில், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில், 1700-க்குக் கீழ் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான மதிப்பெண்) உள்ளவர்களுக்கான அரீனா போட்டியில் சேர்ந்தேன். தலைக்கு மூன்று நிமிடம், கூடுதல் நொடி கிடையாது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

அரீனா ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் சுற்று என்று எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் சும்மா இருக்கும் யாரோடாவது அடுத்த ஜோடி போட்டுவிடுவார்கள். ஜெயித்தால் 2, டிரா என்றால் 1. தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஜெயித்தால் பெயருக்குப் பக்கத்தில் தீ எரியும். அது எரியும் வரை எல்லாப் புள்ளியும் இரட்டிப்பு. நேரடிப் போட்டியில் தோற்றவன் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு வரலாம். இங்கே தோற்ற ஆட்டம் மனதில் இறங்குவதற்குள் அடுத்தவரின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

முதல் ஆட்டத்தில் எனக்கு வெள்ளை. சிப்பாயை டி4 கட்டத்தில் வைத்தேன். அவர் இ5 என்று சிப்பாயைச் சும்மா கொடுத்தார். பாவம், போன் திரையில் விரல் வழுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துத் தின்றேன். அவர் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்தார், நான் என் குதிரையை எஃப்3-க்கு. அவர் ராணியை இ7-இல் வைத்தார். சிப்பாயைக் காப்பாற்ற மந்திரியை எஃப்4-இல் வைத்தேன். ராணி பி4-இல் வந்து செக். மந்திரியை டி2-க்கு இழுத்து மறைத்தேன். ராணி பி2 சிப்பாயைத் தின்றது. சரி, மாட்டினாய் என்று ராணியைத் துரத்தி மந்திரியை சி3-இல் வைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. தன் மந்திரியை பி4-இல் வைத்து என் மந்திரியை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார். நான் ராணியை டி2-இல் முட்டுக் கொடுத்தேன். வெட்டினார், ராணியால் திருப்பி வெட்டினேன், அவருடைய ராணி சி1-இல் வந்து உட்கார்ந்தது. மேட். எட்டே நகர்த்தல். என் கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

பிறகு தேடிப் பார்த்தால் எங்லண்ட் கேம்பிட் என்ற, தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுத்து வைக்கும் பழைய பொறி இது. அந்த இடத்தில் மந்திரிக்குப் பதிலாகக் குதிரையை சி3-இல் வைத்திருந்தால் வெள்ளைக்கு ஒரு பயமும் இல்லையாம். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் எதிராளிகள் என்னைவிடத் தடுமாறினார்கள். ஜெயித்தேன், தீ பற்றிக்கொண்டது. நான்காவதாக வந்தவர் தொடங்கும்போதே பெர்சர்க் அழுத்தினார். தன் நேரத்தில் பாதியை வேண்டாம் என்று விட்டுவிடுவது. ஜெயித்தால் ஒரு புள்ளி அதிகம். உன்னை அடிக்க ஒன்றரை நிமிடம் போதும் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரிதான். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. யானைகளைப் பின்வரிசையில் அடைத்து, எதையும் வெட்டக் கொடுக்காமல், மாமியார் மாதிரி நிதானமாக ஆடினேன். அவருக்கு நேரம் தீர்ந்தது. எனக்கு 4 புள்ளி.

ஐந்தாவதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. என்னிடம் ராஜாவும் ராணியும், அவரிடம் ஏ8 மூலையில் ஒற்றை ராஜா. கையில் ஒன்பது நொடி. அதே சமயம் பாப்பா வந்து "அப்பா, ஹாட்ஸ்பாட் போடுங்க" என்றாள். ராணியை பி6-இல் தட்டினேன். செக் இல்லை, ஆனால் அவர் நகரவும் கட்டம் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. நான்கு வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தது, தீயும் அணைந்தது. பாப்பாவைத் திட்ட வாயைத் திறந்தேன், மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஆறாவது ஆட்டத்தில் இணையமே போனது. நல்ல நிலை, குதிரை ஒன்று அதிகம். திரும்பி வந்தபோது நேரம் முடிந்து தோற்றிருந்தேன். 2020 ஆகஸ்டில் நடந்த ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதியில் இந்திய அணியின் நிஹால் சரீனும் திவ்யா தேஷ்முக்கும் இதே மாதிரி இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார்கள். இந்தியா முறையிட்டது; உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவித்தது. எனக்காக முறையிட வீட்டில் ஆள் இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

மீதிப் பத்து ஆட்டங்களில் நான்கு வெற்றி. கடைசியில் 18 புள்ளி, நூற்றெண்பதுச் சொச்சம் பேரில் 74-ஆவது இடம். பிரக்ஞானந்தா 2022 பிப்ரவரியில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்ததும் வீட்டில் இருந்தபடி இப்படியொரு திரையில்தான். அவருக்கு அப்போது 16 வயது. என் வயதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

ஏமாற்றுக்காரர்கள் விஷயமும் சொல்ல வேண்டும். பதினோராவது ஆட்டத்தில் ஒருவர் குதிரையைப் பலி கொடுத்து, என் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்து வந்து மேட் கொடுத்தார். மனிதன் ஆடுகிற ஆட்டமா இது, நகர்த்தலைச் சொல்லிக்கொடுக்கும் கணினி இன்ஜின் வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டிப் புகார் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து, நீங்கள் ஆடிய ஒருவர் விதியை மீறியதால் இழந்த ரேட்டிங்கைத் திருப்பித் தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. பார்த்தீர்களா என்று திறந்தால், ஆள் அவர் இல்லை! பதினான்காவதாக ஆடி, அமைதியாக என்னை நசுக்கி, முடிவில் "நல்ல ஆட்டம்" என்று எழுதிய கனவான். பழைய ஆட்டத்தை எடுத்துப் பார்த்தேன். திருப்பி வெட்டியே ஆகவேண்டிய இடத்திலும் நான்கு நொடி, சிக்கலான இடத்திலும் நான்கு நொடி; இன்ஜினைக் கேட்டு ஆடுகிறவரின் அடையாளம். அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை, மரியாதைதான் பட்டது. குதிரையைப் பலி கொடுத்தவர் இன்றும் அதே பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

அப்புறம் மூன்று சனிக்கிழமை ஆடிவிட்டேன். எங்லண்ட் கேம்பிட்டுக்குப் பதிலை உட்கார்ந்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். வெள்ளை கிடைத்தபோதெல்லாம் டி4 போட்டுக் காத்திருக்கிறேன். ஒருவர்கூட இ5 போடவில்லை. இங்கே யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்தால் சனிக்கிழமை ஒன்பதரைக்கு வாருங்கள்.