மறு: ‘ஹ்யூமனைஸ்’ குமிழுக்குத் தமிழில் என்ன? (‘நெளிவு’ என்று ஒரு யோசனை)

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு நாளாகக் கோத்தகிரியில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. திறந்து பார்த்தால், இசை மென்பொருள் தமிழாக்கத்தில், கணினித் தாளத்துக்கு மனிதர் வாசித்த சாயல் தரும் ‘ஹ்யூமனைஸ்’ குமிழுக்குப் பெயர் தேடும் இந்த இழையில் பதினோரு மடல்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘மனிதமாக்கு’ என்றே வைத்துவிடலாம். நேரான சொல், குழப்பம் இல்லை.

கொடைக்கானல் தோழரே, குழப்பம் இருக்கிறது. ‘மனிதமாக்கு’ என்றால் சிறைச்சாலைச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரைத் தலைப்புப் போல இருக்கிறது. அந்தக் குமிழ் உண்மையில் செய்வது சின்ன வேலை. திரையில் நேரத்தைச் சம பங்காகப் பிரித்துக் காட்டும் கட்டக்கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வோர் அடியையும் சில மில்லிநொடி முன்னோ பின்னோ தள்ளும். வலுவைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். அவ்வளவுதான். அதற்கு மனிதன் என்ற பட்டம் அதிகம்.

> ‘இயல்பாக்கு’?

இது ஒலி மென்பொருளில் ஏற்கெனவே போணியான சொல். ‘நார்மலைஸ்’ என்பதற்கு, அதாவது ஒலிக்கோப்பின் உச்சத்தை ஒரு குறித்த அளவுக்கு ஏற்றுவதற்கு, பலரும் ‘இயல்பாக்கல்’ என்றுதான் எழுதுகிறோம். ஒரே பட்டியலில் இரண்டு ‘இயல்பாக்கு’ வந்தால் பயனர் நம்மைத் திட்டுவார்.

> ‘கைப்பக்குவம்’ எப்படி?

குன்னூர் அக்கா, இந்தச் சொல்லைப் பார்த்ததும் இதுதான் என்று துள்ளினேன். அப்புறம் குமிழுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்: ‘கைப்பக்குவம் 40’. யாரோ சாம்பாருக்கு மார்க் போட்ட மாதிரி இருந்தது. அது பாராட்டுச் சொல். குமிழை அதிகமாகத் திருப்பினால் தாளம் கெட்டுப்போகும். பக்குவம் கூடக் கூடக் கெட்டுப்போவது எங்காவது உண்டா?

மிச்சம் இருப்பது ‘சமவாய்ப்பாக்கல்’. ‘ரேண்டம்’ என்பதற்குப் பாடநூலில் உள்ள சொல்லிலிருந்து வந்தது. இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை உள்ளே செய்வதும் அதையேதான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சீட்டுக் குலுக்கல். ஆனால் கை அப்படி அடிப்பதில்லை. அதனால்தான் இந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை.

போன ஐப்பசியில் இங்கே ஒரு பறைக் கலைஞரின் அடிகளை ஒலித்துணுக்குகளாகப் பதிவு செய்தேன். மேகம் தரையோடு இறங்கியிருந்த நாள். தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து ‘பொத் பொத்’ என்றது. கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காய்ச்சி, அரைமணி நேரம் கழித்துத்தான் மைக் முன்னால் வந்து நின்றார். வீட்டுக்குப் போய் ஒரே ஒரு நல்ல அடியை எடுத்து, கணினியில் வரிசையாகக் கோத்து, மறுநாள் போட்டுக் காட்டினேன். “என்ன தம்பி, தையல் மிஷின் ஓடுது?” என்றார். சரி என்று குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினேன். கொஞ்ச நேரம் கேட்டார். “இப்போ தையல்காரன் குடிச்சிருக்கான்.”

அவருடைய நேரடிப் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. வலக்கை அடிக்குச்சி ஏறக்குறைய கோட்டின் மேலேயே விழுகிறது. இடக்கையில் நீளமாக, வளைந்துகொடுக்கும் சிம்புக்குச்சி. அது பெரும்பாலும் ஒரு மயிரிழை பின்தங்கித்தான் வருகிறது. சுற்று முடியும் இடத்தில் இரண்டு கையும் சேர்ந்து லேசாக முன்னால் ஓடுகின்றன. அடுத்த சுற்றின் முதல் அடியில் நிதானப்படுகின்றன. இது சீட்டுக் குலுக்கலே இல்லை. ஓர் அடி தள்ளிப்போனதற்கு அடுத்த அடி பதில் சொல்கிறது. 2011-இல் ஜெர்மனியில் ஹோல்கர் ஹென்னிக் குழுவினர் இதை அளந்தே காட்டினார்கள்: மனிதர் வாசிப்பில் வரும் நேரப் பிசகுகள் ஒன்றோடொன்று நெடுந்தொலைவுக்குத் தொடர்புள்ளவை, கேட்பவர்களும் தொடர்பற்ற பிசகைவிட இந்த வகையையே விரும்பினார்கள். நாளைக்கு நல்ல மென்பொருள் இந்த வழியில்தான் போகும். அப்போது ‘சமவாய்ப்பாக்கல்’ பொய்யாகிவிடும்.

(இடையில் ஒன்று. பத்து மில்லிநொடியை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பறைக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி அவ்வளவு தாமதமாகத்தான் காதுக்கு வருகிறது. ஆனால் அது எல்லா அடிக்கும் ஒரே தாமதம், அதனால் காது பழகிக்கொள்ளும். அடிக்கு அடி மாறினால் உடனே தெரியும்.)

அந்தப் பதிவின் அடிகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புள்ளி வைத்து இணைத்தால், மண்ணில் புழு போன தடம் மாதிரி இருக்கிறது. பார்த்தவுடன் வாயில் வந்த சொல்தான் நெளிவு.

‘குவாண்டைஸ்’ என்பது கோணல்மாணலாக விழுந்த அடிகளைக் கோட்டுக்கு இழுப்பது. அதை நேராக்கு என்று வைத்தால், இதற்கு எதிரில் நெளிவூட்டு தானாக வந்து உட்காரும். ‘நேர நெளிவு’, ‘வலு நெளிவு’ என்று பிரிக்கலாம். ‘நெளிவு 40’ என்றால் யாருக்கும் உறுத்தாது. அது குலுக்கலால் வந்ததா, ஒருவர் வாசித்ததிலிருந்து எடுத்ததா என்று சொல் எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. நேர்க்கோட்டிலிருந்து விலகுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கூச்சத்தில் நெளிவது நினைவுக்கு வருமே என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும். நெளிவு சுளிவு தெரிந்தவர் என்றும் சொல்கிறோமே.

வலு என்றேனா? ‘வெலாசிட்டி’ என்பதை மொழிபெயர்ப்புக் கோப்பில் யாரோ ‘திசைவேகம்’ என்று போட்டிருக்கிறார்கள். இயற்பியல் புத்தகத்தில் அது சரி. கீபோர்டின் கட்டையில் விழும் விரலுக்கு எந்தத் திசை? மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ‘மிடி’ முறை 1983-இல் வந்தபோது, கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்று அளந்ததால் அந்தப் பெயர். ஆனால் 1 முதல் 127 வரை உள்ள அந்த எண்ணைப் பார்க்கும் வாசிப்பாளர் நினைப்பது, எவ்வளவு ஓங்கி அடித்தோம் என்பதையே. அடிவலு போதும். மெல்ல அடித்தது, ஓங்கி அடித்தது என்று தனித்தனியாகப் பதிவு செய்து வைப்பது வலு அடுக்கு.

தையல் மிஷின் சத்தத்துக்கு நெளிவு மட்டும் மருந்தில்லை. ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் உண்மையான நோய். ஒரே வலுவில் நாலைந்து அடிகளைப் பதிவு செய்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள், ‘ரவுண்ட் ராபின்’. இதற்கு வந்திருக்கும் ‘வட்டச் சுழற்சி’ தட்டாமாலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது. தோட்டத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் இல்லையா, முறைவைப்பு என்போம்.

‘ஸ்விங்’ பற்றி ஒரு பிடிவாதம். ஹைட்ரஜன் என்ற தாள மென்பொருளில் வலு, நேரம், ஸ்விங் மூன்று குமிழும் ஒரே தலைப்பின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், அதையும் நெளிவில் சேர்க்கச் சொல்கிறார்கள். கூடாது. ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 தாளப் பெட்டியிலேயே அது தனி வசதி. ஜோடியில் இரண்டாவது அடியைச் சொல்லிவைத்தாற்போல ஒவ்வொரு முறையும் அதே அளவு பின்தள்ளுவது. ஜோடியின் நேரத்தில் முதல் அடிக்கு 50 விழுக்காடு என்றால் சமம், 66-ஐ ஒட்டிப் போனால் நம் திஸ்ரம், அதாவது மூன்றின் நடை. அதில் நெளிவே கிடையாது, அது ஒரு நடை. ‘ஊஞ்சல்’ வேண்டாம், ஊஞ்சல் இரண்டு பக்கமும் சமமாகத்தான் ஆடும். சாய்நடை என்று எழுதியிருக்கிறேன். நொண்டிச்சிந்து நினைவில் ‘நொண்டு’ என்றும் முதலில் தோன்றியது. ஒருவரைப் புண்படுத்தும் சொல்லைக் குமிழில் ஒட்ட மனம் வரவில்லை.

இன்னும் ஒன்றுக்குத்தான் வழி தெரியவில்லை. அன்று காய்ச்சிய பறை, வாசிக்க வாசிக்கக் குளிர்ந்து, கால்மணி நேரத்தில் சுருதி இறங்கிவிட்டது. அதையும் மென்பொருளில் கொண்டுவரலாம்: பாட்டு போகப்போகச் சுருதி மெல்லக் கீழே வரும். இது ஒரே பக்கம் போவது, திரும்பி வராதது, ஆகவே நெளிவில்லை. இப்போதைக்கு ‘தளர்வு’ என்று போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் வேகம் குறைவதாக யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். தோல்கருவிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று குழுவில் யாருக்காவது தெரியுமா? ஞாயிறு இரவு கோப்பை அனுப்ப வேண்டும்.