நாய் வேண்டும் என்பதற்கு வீட்டில் மூன்று காரணங்கள்: எது கடைசிவரை நிற்கும்?

மாடிவீடு எழுதியது:

எங்கள் வீட்டில் சில வாரங்களாக ஒரே பேச்சுதான். நாய் வளர்க்க வேண்டும் என்பதில் மூன்று பேருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொருவர் சொல்லும் காரணமும் வேறு. ஒன்பது வயது மகனுக்கு விளையாடத் துணை வேண்டும்; "பொறுப்பும் வரும்" என்று அவன் அப்பா அதோடு சேர்த்துக்கொள்கிறார். கணவருக்கு வீட்டுக்குக் காவல் வேண்டும். மாமியாருக்கு, நாங்கள் மூவரும் கிளம்பிப் போன பிறகு, பகல் முழுவதும் பக்கத்தில் ஓர் உயிர் வேண்டும். அவர் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. நாய்ப் பேச்சு தொடங்கியதிலிருந்து பழைய துண்டுகளைத் துவைத்து, கிழிந்த ஓரங்களைத் தைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலையெல்லாம் யார் தலையில் விழும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத் தயங்கவில்லை. ஒரு காரணத்துக்காகக் கொண்டுவந்த பிராணி, அந்தக் காரணம் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. மகன் இன்னும் சில ஆண்டுகளில் வேறு விளையாட்டு, வேறு நண்பர்கள் என்று போய்விடுவான். நீங்களெல்லாம் எதற்காக வளர்க்கத் தொடங்கினீர்கள்? இப்போது எதற்காக வளர்க்கிறீர்கள்? எங்களுடைய மூன்று காரணங்களில் எது தாக்குப்பிடிக்கும்?

காலைநடை எழுதியது:

என் கதையைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். தனியாக நடக்க மனம் ஒப்பவில்லை. நாய் இருந்தால் நடந்துதானே ஆக வேண்டும் என்று ஒன்றைக் கொண்டுவந்தேன். மழை பெய்தாலும் கழுத்துப்பட்டையை வாயில் கவ்விக்கொண்டு கதவருகே நிற்கும், நானும் கிளம்பிவிடுவேன்.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது. பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம். வழவழப்பான தரையில் கால் வழுக்குகிறது என்று வீடு முழுவதும் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். தெருமுனைவரை மெதுவாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதன் பிறகு என் நடையை நான் தனியாக நடக்கிறேன். நடைக்காக வந்த நாய் நடப்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் அது இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காரணம் தீர்ந்துபோகும் என்று பயப்படாதீர்கள். வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இருசிட்டு எழுதியது:

நாய்தான் வேண்டுமா? மாமியாருக்குப் பகலில் துணை என்றால் பறவைகளையும் யோசியுங்கள். என்னிடம் பட்ஜி என்ற சின்னக் கிளி ஜோடி இருக்கிறது. வீட்டில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஒன்றை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி தனித்துக் கிடந்தால் ஏங்கிப்போகும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: கினிப்பன்றி, பட்ஜி போன்றவற்றைத் தம் இனத்துத் துணையில்லாமல் வளர்க்கக்கூடாது. நமக்குத் தனிமை போக வேண்டும் என்று கொண்டுவந்து அதைத் தனிமையில் அடைப்பது நியாயமில்லை.

பறவை வந்தால் சமையலறையில் நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் விட்டுவிடாதீர்கள். அது அளவுமீறிச் சூடானால் வரும் புகை, நமக்குத் தெரிவதற்கு முன்பே பறவையைக் கொன்றுவிடும்.

காப்பகத்தில்_ஒருவர் எழுதியது:

பிராணிகள் காப்பகம் ஒன்றில், தத்துக் கேட்டு வருகிறவர்களிடம் பேசும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். "எதற்காக வேண்டும்?" என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. அதனால் உங்கள் பதிவை நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

காவலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் வருத்தம் தந்த காரணம் அதுதான். காவலுக்கென்று கொண்டுபோகும் நாயைப் பெரும்பாலும் வாசலில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களைத் தன் கூட்டமாக நினைப்பதால்தான் நாய் வேற்றாளைக் கண்டு குரைக்கிறது. யாரோடும் ஒட்டாமல் சங்கிலியிலேயே கிடந்தால் அந்த நினைப்பு எங்கிருந்து வரும்? அச்சத்தில் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். சில நேரம் வீட்டுப் பிள்ளையையே கடித்துவிடும். எங்களிடம் திரும்பி வந்த நாய்களில், கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் தடித்து வடு விழுந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். விரலால் தடவினால் பட்டையின் அகலம் அப்படியே தெரியும். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: கூடத்தில் உங்களோடு படுத்திருக்கும் நாயும் வாசலில் காலடி கேட்டால் எழுந்து குரல் கொடுக்கும். அதற்கு மேல் காவல் வேண்டுமென்றால் நல்ல பூட்டு போடட்டும்.

அடுத்து பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்பது. ஒன்பது வயதுப் பையன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பலாம், முடி வாரிவிடலாம். தடுப்பூசித் தேதியும் குடற்புழு மருந்தும் கருத்தடையும், நள்ளிரவில் வாந்தி எடுத்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பெரியவர்களின் வேலை. "நீ பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் திருப்பிக் கொடுக்கிறோம்" என்று பிள்ளையின் கண் எதிரிலேயே நாயை எங்கள் கையில் ஒப்படைத்த பெற்றோர் உண்டு. பிடிக்கவில்லை என்றால் ஓர் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதை அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டு போகிறது. உங்கள் மகன் விளையாடத் துணை கேட்பதில் தவறே இல்லை. அதன்மேல் பாடத்தை ஏற்றாதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குட்டிதான் வேண்டும் என்பார்கள். பெரிய கண், உருண்ட நெற்றி, உப்பிய கன்னம் இவற்றைக் கண்டாலே நமக்குள் தூக்கி அணைக்கும் எண்ணம் எழுகிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். அந்த முகத்துக்காகவே மூக்கைச் சப்பையாக்கி வளர்த்த பக் போன்ற இனங்களில் பல நாய்கள் வாழ்நாள் முழுவதும் மூச்சுக்குத் திணறுகின்றன. உங்கள் வீட்டுக்குக் குட்டி வேண்டாம் என்பேன். குட்டி ஓயாமல் காலுக்கு நடுவே ஓடும், கடிக்கும், அடிக்கடி வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொல்லும். பகலில் தனியாக இருக்கும் மூத்தவர் தடுக்கி விழுந்தால் என்ன செய்வது? நான்கைந்து வயதான, சாதுவான நாய் உங்களுக்குப் பொருத்தம். வளர்ந்த நாயின் குணம் எப்படிப்பட்டது என்பது முன்பே தெரிந்துவிடும்.

மூன்றில் நான் நம்புவது உங்கள் மாமியாருடைய காரணத்தை. அவர் நாயிடம் இன்னது கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை. அதற்குப் படுக்கை தயார் செய்கிறார். நாயும் மனிதரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் நடுவே சுரக்கும் அதே ஹார்மோன்தான். உறவு இரு பக்கமும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜெர்மனியில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914-இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஓர் இளம் நாய். பிற்பாடு அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது குட்டியிலேயே டிஸ்டெம்பர் என்ற கடுமையான வைரஸ் நோயில் பல வாரம் கிடந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். யாரோ துடைத்து, தண்ணீர் புகட்டிப் பார்த்துக்கொள்ளாமல் அவ்வளவு நாள் அது பிழைத்திருக்காது. வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டி அது. எதற்காக வளர்த்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மூவருடைய காரணத்தையும் எழுதிய நீங்கள் உங்களுடையதை எழுதவே இல்லை. நாய்கள் பொதுவாகப் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். அத்தனை காலமும் அதைக் குளிப்பாட்டப் போவது நீங்கள் என்றால், எனக்குத் தெரிய வேண்டியது உங்கள் காரணம்தான்.

மாடிவீடு எழுதியது:

நீங்கள் கேட்ட பிறகு வெகுநேரம் யோசித்தேன். எனக்குக் கையால் பார்த்துக்கொள்வது பிடிக்கும். மகன் சிறியவனாக இருந்தபோது குளிப்பாட்டித் துவட்டித் தலைவாரிவிட்ட நேரம்தான் என் நாளிலேயே எனக்கென்று இருந்த நேரம். இப்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். தலையைத் தொட்டால் தட்டிவிடுகிறான். வளர்கிறான், மகிழ்ச்சிதான். என் கைகளுக்குத்தான் வேலை இல்லை. இவ்வளவு சிறிய காரணத்தை யாரிடம் சொல்வது என்றுதான் எழுதவில்லை.

மாமியாருக்கு எல்லாப் பதில்களையும் படித்துக் காட்டினேன். அவருக்கு 71 வயது. "எனக்குப் பிறகு அதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். நான் பார்ப்பேன் என்றேன். வளர்ந்த நாய் என்பதில் கணவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். பார்க்கப் போகும்போது என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

காப்பகத்தில்_ஒருவர் எழுதியது:

அது சிறிய காரணமே இல்லை. என் மேசைக்கு வந்து நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் அப்போதே படிவத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

நான்கு பேரும் சேர்ந்தே போங்கள். மாமியாரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். நாயாக அவரிடம் வரட்டும், யாரும் இழுத்து வர வேண்டாம். பிள்ளைகளோடு முன்பு இருந்திருக்கிறதா, இடிச் சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது, தனியே விட்டால் அழுகிறதா என்று கேளுங்கள். பல காப்பகங்களில் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய இடம் கொடுப்பார்கள். வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்று மகனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். கிளம்பும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, ரேபிஸ் ஊசி போட்ட தேதி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.