புதுப்பிப்பு: மேக் ஓஎஸ் 9 ஐபுக், டபிள்யூபிஏ2 வைஃபையில் சேர்ந்துவிட்டது

2001-ஆம் ஆண்டு வெள்ளை ஐபுக்கின் (ஆப்பிள் மடிக்கணினி) பழைய ஏர்போர்ட் கார்டு, அதாவது அதன் வைஃபை அட்டை, டபிள்யூபிஏ2 (WPA2) பாதுகாப்பு முறை கொண்ட வீட்டு வைஃபையில் சேர மறுக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அதில் ஓடும் மேக் ஓஎஸ் 9-க்கு வெப் (WEP) என்ற பழைய வைஃபை குறியாக்கம் மட்டும்தான் தெரியும். ரவுட்டரை வெப்புக்கு இறக்கலாம் என்றார் ஒருவர். அதை எளிதில் உடைத்துவிடலாம், வீட்டில் எல்லோருடைய போனும் அதே ரவுட்டரில்தான். அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

கைகொடுத்தது சின்னப் பயண ரவுட்டர் யோசனை. அதை கிளையன்ட் முறையில், அதாவது போனைப் போல இன்னொரு வைஃபையில் சேரும் முறையில் வைத்து வீட்டு வைஃபையில் சேர்த்தேன். அதன் லேன் துளையிலிருந்து ஐபுக்கின் ஈதர்நெட் துளைக்கு ஒரு கேபிள். ஐபுக்கின் டிசிபி/ஐபி (இணைய அமைப்பு) கண்ட்ரோல் பேனலில் ஈதர்நெட், டிஹெச்சிபி (முகவரியை ரவுட்டரே தரும் முறை) இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். கடவுச்சொல் வேலையெல்லாம் ரவுட்டர் பார்த்துக்கொள்கிறது. ஐபுக்குக்கு அது வெறும் கேபிள் இணைப்புதான்.

ஆனால் முதல் நாள் ஒன்றுமே திறக்கவில்லை. பார்த்தால் இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி, 192.168.1.1. பயண ரவுட்டரை 192.168.8.1 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. இதை யாரும் சொல்லியிருக்கவில்லை, அதனால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய உலாவிக்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியாததால் இன்றைய ஹெச்டிடிபிஎஸ் தளங்கள் திறக்காது. எஃப்டிபி (கோப்புகளை இறக்கும் பழைய முறை), சாதாரண ஹெச்டிடிபி இரண்டும் நன்றாக ஓடுகின்றன. நேற்று எஃப்டிபியில் முதல் கோப்பு இறங்கி முடிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.