கீழே வைத்ததும் டம்ளர் பழைய இடத்துக்கே தாவுகிறது (பிளெண்டர், சைல்ட் ஆஃப்)

கேள்வி:
பிளெண்டர் 4.2 (முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்). தாத்தா மேசையிலிருந்து டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். டம்ளருக்கு சைல்ட் ஆஃப் (ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்ந்து நகர வைக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்) போட்டு, வலது கை போனை (bone, பாத்திரத்தை அசைக்கும் எலும்பு) காட்டியிருக்கிறேன். 48ஆம் ஃப்ரேமில் செட் இன்வெர்ஸ் (கன்ஸ்ட்ரெயின்ட் போட்டதும் டம்ளர் தாவாமல் இருந்த இடத்திலேயே நிற்க வைக்கும் பட்டன்). இன்ஃப்ளூயன்ஸ் (கன்ஸ்ட்ரெயின்ட் எவ்வளவு வேலை செய்யும் என்ற அளவு) 47இல் 0, 48இல் 1. எடுப்பது சரியாக வருகிறது. 120இல் 0 ஆக்கியதும் டம்ளர் எடுத்த இடத்துக்கே தாவுகிறது. கை நீளும்போது டம்ளரும் சேர்ந்து நீள்கிறது.

பதில் 1:
நீள்வதை முதலில் முடித்துவிடுங்கள். உங்கள் கை ரிக்கில் (போன்களின் அமைப்பில்) போன் நீளும் ஸ்ட்ரெட்ச் இருக்கிறது. போனின் ஸ்கேல் (அளவு) டம்ளருக்கும் போகிறது. சைல்ட் ஆஃபில் ஸ்கேலுக்கான மூன்று டிக்கையும் எடுத்துவிட்டு, 48இல் மறுபடி செட் இன்வெர்ஸ் அழுத்துங்கள்.

தாவுவதற்குக் காரணம்: இன்ஃப்ளூயன்ஸ் 0 என்றால் கன்ஸ்ட்ரெயின்ட்டே இல்லாத கணக்கு. டம்ளரின் சொந்த லொகேஷனில் இன்னும் பழைய எண்கள்தான் இருக்கின்றன. 119இல் நின்று லொகேஷன், ரொட்டேஷன், இன்ஃப்ளூயன்ஸ் 1 மூன்றுக்கும் கீ போடுங்கள் (அந்த ஃப்ரேமின் மதிப்பைப் பதியுங்கள்). 120இல் நீங்கள் போட்ட இன்ஃப்ளூயன்ஸ் 0 கீயை நீக்கிவிட்டு, அங்கே கண்ட்ரோல் ஏ, விஷுவல் டிரான்ஸ்ஃபார்ம் (டம்ளர் இப்போது தெரியும் இடத்தை அதன் சொந்த எண்களாக எழுதும்). அழுத்தியவுடன் டம்ளர் எங்கேயோ பறக்கும், பதற வேண்டாம். கையின் நகர்வு இரண்டு முறை சேர்கிறது, அவ்வளவுதான். இன்ஃப்ளூயன்ஸை 0 ஆக்கினால் கைக்குள் வந்துவிடும். அந்த ஃப்ரேமிலேயே மூன்றுக்கும் கீ போட்டுவிடுங்கள். போடாமல் ஃப்ரேமை நகர்த்தினால் செய்தது அத்தனையும் போய்விடும்.

பிறகு கிராஃப் எடிட்டரில் இந்தக் கீக்களைத் தேர்ந்து டி (T) அழுத்தி கான்ஸ்டன்ட் ஆக்குங்கள் (அடுத்த கீ வரை மதிப்பு மாறாது). பெசியரில் (மதிப்பு படிப்படியாக மாறும் வகை) விட்டால், ஓட்டிப் பார்க்கும்போது சரியாகத் தெரியும். ஆனால் மோஷன் பிளர் (அசைவு மங்கல்) போட்டு ரெண்டர் செய்தால் 119க்கும் 120க்கும் நடுவே டம்ளர் இழுபட்டது போலக் கறை விழும். கை 118 முதல் 122 வரை அசையாமல் இருக்கட்டும், விரல்கள் 121இல்தான் பிரியத் தொடங்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது சரியான வழிதான். ஆனால் செட் இன்வெர்ஸ் அந்த நேரத்துக் கை நிலையை மட்டுமே பிடித்து வைக்கும். நாளைக்கு 48ஆம் ஃப்ரேமில் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாலும் டம்ளர் உள்ளங்கையை விட்டு விலகும். டைரக்டர் திருத்தம் சொல்லாத ஷாட் ஏது? நான் இதற்கு எம்ப்டிதான் (ரெண்டரில் தெரியாத, இடத்தைக் குறிக்கும் பொருள்) பயன்படுத்துவேன்: உள்ளங்கையில் ஒன்று, கை போனோடு சேர்ந்து நகரும்படி அதற்குப் பேரன்ட் செய்தது; மேசையில் எடுக்கும் இடத்தில் ஒன்று, வைக்கும் இடத்தில் ஒன்று. டம்ளருக்கு மூன்றையும் பார்க்கும் காப்பி லொகேஷன், காப்பி ரொட்டேஷன் (எம்ப்டியின் இடத்தையும் திசையையும் நகலெடுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்கள்). காப்பி டிரான்ஸ்ஃபார்ம்ஸ் வேண்டாம், ஸ்கேலும் கூடவே வரும். பிடி சரியில்லை என்றால் எம்ப்டியை நகர்த்தினால் போதும்.

கேட்டவர்:
120 சரியாகிவிட்டது, நன்றி. அடுத்த ஷாட்டில் தாத்தா டம்ளரைப் பேரன் கையில் கொடுக்கிறார். இரண்டாவது சைல்ட் ஆஃப் போடலாமா?

பதில் 2:
போடலாம், ஆனால் இரண்டும் ஒரே ஃப்ரேமில் 1 ஆக இருந்தால் இரு கைகளின் நகர்வும் கூடிப்போகும்; ஒன்று அணையும் ஃப்ரேமிலேயே மற்றது எரிய வேண்டும். எம்ப்டி வழியில் அந்தக் கவலை இல்லை. பேரன் கை எம்ப்டிக்கான காப்பி ஜோடியைப் பட்டியலில் கடைசியில் வையுங்கள். கடைசியாக 1இல் இருப்பதே மற்றதை மூடிவிடும், தாத்தாவுடையதை அணைக்கவே தேவையில்லை. மாறும் ஃப்ரேமில் இரண்டு எம்ப்டியும் ஒரே இடத்தில், ஒரே திசையில் இருக்க வேண்டும். அதற்குப் பேரன் கையைத்தான் நகர்த்த வேண்டும், அவன் எம்ப்டியை அல்ல. டம்ளரின் ஆரிஜின் (சுழலும் மையப் புள்ளி) அடியில் இருந்தால் விரல் பிடிக்கும் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கை சாயும்போது டம்ளர் அடியை மையமாக வைத்துச் சுழலும்.