குன்சும் கணவாய் வழியாக இமாச்சலத்தின் காசா: சைக்கிளில் போனவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் செப்டம்பரில் மணாலியிலிருந்து கிராம்பு, சத்ரு, பாத்தல் வழியாக ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள காசா ஊருக்கு நானும் தம்பியும் சைக்கிளில் போகிறோம். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். மூச்சு வாங்கும், அதனால் அவசரப்படாமல் ஏறுவோம்.

கவலையெல்லாம் சத்ருவுக்கும் பாத்தலுக்கும் நடுவே பாதையை அறுத்து ஓடும் ஓடைகள்தான். பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். அடியில் உருண்டைக் கற்கள் வேறு. காலையிலேயே கடந்துவிட்டால் போதுமா? செப்டம்பரில் முழங்கால் வரை வருமா? சைக்கிளைத் தோளில் தூக்கினீர்களா, தள்ளினீர்களா?

அந்தக் கல் பாதைக்கு 2.2 அங்குல டயர் தாங்குமா? அப்புறம், பாத்தல் தாபாக்களில் இரவு தங்க இடம் கிடைத்தால் கூடாரச் சுமை குறையும். சமீபத்தில் போனவர்கள் அவசியம் சொல்லுங்கள்.