அனபாப்டிஸ்டுகள் உயிர் கொடுத்தது முழுக்கு ஞானஸ்நானத்திற்காகவா?

கேள்வி (பாளையங்கோட்டை):
எங்கள் குடும்பம் தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. நானும் தங்கையும் கைக்குழந்தைகளாக ஞானஸ்நானம் பெற்று, பின்னர் திடப்படுத்தலும் பெற்றோம். தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டார் பெந்தெகொஸ்தே சபையினர். தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்படி அவளை விடாமல் கேட்டுவருகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்டுகள் முழுக்குக்காகவே உயிரைக் கொடுத்தார்கள் என்கிறார் அவளுடைய மாமனார். அது சரியா?

பதில் 1:
தம்பி, உயிரைக் கொடுத்தது உண்மை, காரணம் அதுவன்று. 1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு வீட்டில் ஜார்ஜ் பிளவ்ராக் கேட்டுக்கொண்டபடி கான்ராட் கிரேபெல் அவருக்குக் கொடுத்த முதல் ஞானஸ்நானமே தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததுதான். சில வாரங்களில் ரைன் ஆற்றில் ஒருவர் முழுகியும் பெற்றார். ஆனாலும் அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மெனோனைட்டு சபையாரில் பெரும்பாலோர் இன்றும் ஊற்றியே கொடுக்கிறார்கள். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்று மாற்கு 16:16 கூறும் வரிசையில் விசுவாசம் முந்தி நிற்பதால், மனந்திரும்ப இயலாத குழந்தைக்குச் செய்தது ஞானஸ்நானமே ஆகாது என்றும், ஆகவே தாங்கள் பெற்றது இரண்டாவது அல்ல, முதலாவதே என்றும் அவர்கள் வாதிட்டார்கள். 'மறுஞானஸ்நானக்காரர்' (அனபாப்டிஸ்டு) என்பது எதிரிகள் வைத்த பெயர். ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் சபைக்கும் அரசுக்கும் ஒருசேர உரியது என்றிருந்த காலத்தில், குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பது ஊரின் அமைப்பையே மறுப்பதாகப் பட்டது. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரி 5 அன்று சூரிச்சில் ஓடும் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். தாமிரபரணிக் கரையில் நிற்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

பதில் 2:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அண்ணாச்சி. விருத்தசேதனம் குழந்தைக்குச் செய்யப்பட்டதைப் போலவே, உடன்படிக்கையின் அடையாளமான ஞானஸ்நானமும் குழந்தைக்கு உரியது என்று சூரிச்சின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்கிலி அனபாப்டிஸ்டுகளுக்குப் பதில் கூறினார். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றதை நம் குருவானவர்களும் எடுத்துக்காட்டுவதுண்டு. ஞானப்பெற்றோர் நமக்காகச் சொன்ன வாக்கைத் திடப்படுத்தலில் நாமே ஏற்கிறோம். அதை வெறும் சடங்காகக் கருதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

பதில் 3:
சகோதரரே, 1527-இல் ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடி அனபாப்டிஸ்டுகள் ஏற்ற ஏழு கட்டுரைகளில் முதலாவது ஞானஸ்நானத்தைப் பற்றியது. மனந்திரும்புதலைக் கற்று, வாழ்க்கையை மாற்றிக்கொண்டு, தாங்களாகவே கேட்டு வருகிறவர்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் தங்கை தானாகக் கேட்டாரா? கேட்காதவரை, வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் ஆற்றில் இறங்குவதை அந்த அனபாப்டிஸ்டுகளே ஏற்றிருக்க மாட்டார்கள். அவருடைய மாமனாரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.