கவுன்சலிங்னா சேத்து வைக்கிறது இல்ல பெரியம்மா

குரூப்: நம்ம வீட்டு ஆளுங்க

சரசு பெரியம்மா: ராஜி, கோர்ட்ல என்ன ஆச்சு? உங்கம்மா போன்ல அழுதுட்டே வச்சிட்டா. ஒண்ணும் புரியல

ராஜி: ஜட்ஜ் எங்க வீட்டுக்காரரைக் கவுன்சலிங் போகச் சொல்லிட்டாங்க பெரியம்மா. அடுத்த வாய்தா ரெண்டு மாசத்துக்குள்ள

முத்து மாமா: அடிச்சவனுக்குப் புத்திமதியா? அதுக்குத்தான் இத்தனை நாள் கோர்ட்டுக்கு அலைஞ்சோமா?

சரசு பெரியம்மா: மாப்பிள்ளைக்கு மனநிலை சரியில்லைன்னு கோர்ட்டே எழுதிருச்சா? நாளைக்குப் பேத்திக்கு வரன் பாக்கையில இதைத் தோண்டுவாங்களே

கவிதா: அப்படி யாரும் எழுதல பெரியம்மா. நான் பாக்குறதே இந்த கவுன்சலிங் வேலைதான், சொல்றேன். அக்கா போட்டிருக்கது 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல. அதோட 14-ஆவது பிரிவுல, கேஸ் எந்தக் கட்டத்துல இருந்தாலும் மாஜிஸ்திரேட் கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். அனுப்பினா ரெண்டு மாசத்துக்குள்ள அடுத்த வாய்தா வச்சே ஆகணும். பைத்தியம்னு முத்திரை குத்துற வேலையே இல்ல

முத்து மாமா: கடைசில சேந்து வாழுங்கன்னு சொல்லி அனுப்பிருவாங்க. பஞ்சாயத்துல பாக்காததா

கவிதா: மாமா, பஞ்சாயத்துல முதல்ல பொண்ணைத்தான் "நீ என்னம்மா பண்ணுன"ன்னு கேப்பாங்க. இங்க அது நடக்காது. அந்தச் சட்டத்துக்கு 2006-ல வந்த விதிகள்ல தெளிவா இருக்கு. இனிமே இப்படி நடக்க மாட்டேன்னு அவர் உறுதி கொடுக்கணும். "எதுத்துப் பேசினா, சோறு ஆறிப்போச்சு, அதான் அடிச்சேன்"னு நியாயம் பேச அங்க அனுமதி கிடையாது. அதை ஆரம்பத்துலயே அவர்கிட்ட சொல்லிருவோம். நிறைய பேருக்கு முகம் சுண்டிப் போறது அந்த இடத்துலதான்

கவிதா: இன்னொண்ணு. அக்காவுக்குக் கிடைச்ச இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு அப்படியேதான் இருக்கு. கவுன்சலிங் போறேன்னு சொல்லிட்டு வீட்டு வாசல்ல வந்து நின்னா அது குற்றம். 31-ஆவது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே

ராஜி: நானும் போய் அவர் பக்கத்துல உக்காரணுமா கவி? அதை நெனச்சாலே வயித்தைப் பிசையுது

கவிதா: வேண்டாம் அக்கா. தனியாவும் அனுப்பலாம், சேர்த்தும் அனுப்பலாம்னுதான் சட்டத்துல இருக்கு. ஒரே ரூம்ல உக்கார முடியாதுன்னு வக்கீல்கிட்ட இன்னைக்கே சொல்லிரு, மனுவா கொடுத்துருவாங்க. கவுன்சலர்கிட்டயும் சொல்லு

முத்து மாமா: அதெல்லாம் சரிம்மா. கட்டாயத்துக்குப் போறவன் மனசு மாறுமா?

கவிதா: எங்ககிட்ட யாரும் ஆசைப்பட்டு வர்றதில்ல மாமா. கோர்ட் சொல்லி வருவாங்க, வேலை போயிரும்னு பயந்து வருவாங்க. முதல் நாள் கையைக் கட்டிக்கிட்டு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. எல்லாரும் மாறிருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரிப்போர்ட் ஜட்ஜ்கிட்ட போகும்னு தெரியறதால அடுத்த வாரமும் வந்துருவாங்க. வந்தாத்தானே பேச முடியும்

கவிதா: போய் உக்காந்தா புத்திமதி சொல்ல மாட்டோம். கடைசியா கை நீட்டின அந்த ராத்திரியை நிமிஷம் நிமிஷமா சொல்லச் சொல்வோம். கோபம் வர்றது உடம்புல முதல்ல எங்க தெரியுதுன்னு கேப்போம். ஒருத்தருக்குக் காது சூடாகும், ஒருத்தருக்குத் தாடை இறுகும். அது தெரிஞ்ச உடனே வீட்டை விட்டு இறங்கி நடக்கணும். வழியில ஒயின்ஷாப் பக்கம் போகக் கூடாது. அடுத்த வாரம் வந்து என்ன செஞ்சேன்னு சொல்லணும். சின்ன விஷயமாத்தான் தெரியும், ஆனா அதுவரைக்கும் "எனக்கே தெரியாம கை ஓங்கிருச்சு"ன்னு சொல்லிட்டு இருந்தவங்க அதுக்கப்புறம் அப்படிச் சொல்ல முடியாது

சரசு பெரியம்மா: குடிக்காட்டி தங்கமான மனுஷன் கவிதா. குடிதான் எல்லாத்துக்கும் காரணம்

கவிதா: குடிச்சிட்டு என்னைக்காவது மேஸ்திரியை அடிச்சிருக்காரா பெரியம்மா? பஸ் கண்டக்டரை? வீட்டுக் கதவைச் சாத்தின பிறகுதானே கை நீளுது. குடிக்கு வைத்தியம் தனி, கை நீட்டுறதுக்குக் கவுன்சலிங் தனி. ரெண்டும் நடக்கணும்

சரசு பெரியம்மா: (பார்வர்டு செய்யப்பட்டது) குடியை மறக்க வைக்கும் மூலிகைப் பொடி! அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்!!

கவிதா: பெரியம்மா, தயவுசெஞ்சு இதை யாருக்கும் அனுப்பாதீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. குடியை நிறுத்த டாக்டர் எழுதித் தர்ற டைசல்ஃபிராம் மாத்திரையைக் கூட சிலர் சாம்பார்ல கலந்து கொடுக்குறாங்க. அது தெரியாம குடிச்சா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சம்பந்தப்பட்டவருக்குத் தெரிஞ்சு, அவர் ஒத்துக்கிட்டுத்தான் கொடுக்கணும்

சரசு பெரியம்மா: அய்யோ. இப்பவே அழிச்சிடுறேன்

ராஜி: எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். அவர் திருந்தினா சந்தோஷம், பிள்ளைக்காக. ஆனா கவுன்சலிங் முடிஞ்ச அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்புன்னு யாரும் சொல்லாதீங்க. நான் வேலைக்குப் போறேன், பாப்பா நல்லா தூங்குறா. இதை இப்ப விட மாட்டேன்

முத்து மாமா: யாரும் சொல்ல மாட்டோம்மா. சொன்னா நான் பாத்துக்கிறேன்

கவிதா: அக்கா, உங்கம்மா அழுதாங்கன்னு பெரியம்மா சொன்னாங்களே. 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. ராத்திரியும் எடுப்பாங்க. நீ போட்டுக் கொடு

முத்து மாமா: கவிதா, அவன் எனக்குப் போன் பண்ணினான். கவுன்சலர் பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்கும் போகச் சொல்லிருக்காங்களாம். செவ்வாய்க்கிழமை கூட வாங்கன்னு கேக்குறான். அதுக்குள்ள குடியை நிறுத்தச் சொல்லட்டுமா?

கவிதா: தினம் குடிக்கிற ஆளு மாமா, வீட்ல வச்சு ஒரேடியா நிறுத்த வேண்டாம். கை நடுங்கும், தூக்கம் வராது, வலிப்பு கூட வரலாம். செவ்வாய் வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லது. சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு போட்டுருங்க, ஆதார் எடுத்துக்கோங்க. தினம் எவ்வளவு, கடைசியா எப்பக் குடிச்சாருன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். அட்மிட் பண்ணணுமா, மாத்திரை போதுமான்னு அதை வச்சுத்தான் பாப்பாங்க

முத்து மாமா: சரி, நாளைக்கே போறேன். ராஜி, போற வழிதான், பாப்பாவை ஒரு நிமிஷம் காட்டிட்டுப் போகட்டுமா?

ராஜி: வேண்டாம் மாமா. உத்தரவு இருக்கு. அவரை பஸ் ஸ்டாண்டுலயே பாத்துக் கூட்டிட்டுப் போங்க

முத்து மாமா: சரிம்மா